இந்த எடை சாத்தியம்தானா

சுபாங் ஜெயாவில் ரயில் கதவு திறந்தது. செபாஸ்டியன் எழுந்திருக்கவில்லை. நாள்தோறும் அதே பெட்டியில் ஏறி அதே நிலையத்தில் இறங்கும் சீனப் பெரியவர் ஒருவர் கதவருகில் நின்று திரும்பிப் பார்த்தார். "பாஸ், ஸ்டேஷன் லா" என்று வெளியே கையைக் காட்டினார். செபாஸ்டியன் தலையசைத்துச் சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. ரயில் அவருக்குப் பழக்கமில்லாத பக்கமாக ஓடத் தொடங்கியது.

பிரிக்பீல்ட்ஸில் வீடு, சுபாங் ஜெயாவில் ஆபீஸ். இருபது வருடங்களாக அவருடைய உலகம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் இதே ரயில் கிள்ளானுக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அங்கே பிறக்கும் எத்தனையோ குழந்தைகளின் எடையும் மூச்சும் குடித்த பாலின் அளவும் எண்களாக அவருடைய கணினிக்கு வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தன. அந்தக் குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு மட்டும் அவர் ஒருநாளும் போனதில்லை. போக வேண்டிய வேலை இருக்கவில்லை.

இன்று விடிகாலையில் மனைவி உர்சுலா போன் செய்தாள். "பெர்னிஸுக்குப் பொறந்துடுச்சுங்க. பையன். ரொம்பச் சின்னதா இருக்கான். வாங்க." அதற்கு மேல் அவள் அழுததால் எதையும் கேட்க முடியவில்லை. ஏழாம் மாதம். வளைகாப்புக்கு வாங்கிய கண்ணாடி வளையல்கள் காகிதம் பிரிக்காமல் அலமாரியில் இருந்தன. மகளுக்குத் துணையாக உர்சுலா சில நாள் முன்பே கிள்ளானுக்குப் போயிருந்தது ஆண்டவர் செய்த உதவி என்று நினைத்துக்கொண்டார். ஜெபமாலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கால்கள் பழகிய போக்கில் வழக்கமான ரயிலையே பிடித்திருந்தார்.

செபாஸ்டியனின் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தாய்மார்களுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் ஒரு புதிய மருந்தைக் கொடுக்கலாமா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு நேர்மையான வழிதான் இருக்கிறது. பாதிப் பேருக்கு அந்த மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே பாட்டிலில், மருந்தில்லாத வெறும் சொட்டு. யாருக்கு எது என்பது தாய்க்குத் தெரியாது. கொடுக்கும் தாதிக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கண் பார்க்க விரும்புவதைப் பார்த்துவிடும். ஆனால் நடுவில் ஏதாவது கெடுதல் நடக்கிறதா என்று கவனிப்பதற்கு யாராவது ஒருவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அந்த ஒருவர் செபாஸ்டியன். எந்தக் குழந்தைக்கு எந்தப் பாட்டில் என்று குலுக்கிப் போடும் கணினி நிரலை எழுதியவர் அவர். சில மாதங்களுக்கு ஒருமுறை இரண்டு பக்கத்தையும் பிரித்து அட்டவணையாக்கி, வெளியூர் மருத்துவர்கள் அடங்கிய ஒரு குழுவுக்கு மட்டும் அனுப்புபவரும் அவர்தான். அதற்காக ஆபீசில் அவருக்குத் தனி அறை. மற்ற நிரலாளர்களோடு அவர் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசக்கூடாது. மதியம் அவர் சாப்பாட்டுத் தட்டோடு வந்தால் பேச்சு பந்து விளையாட்டுக்குத் தாவிவிடும். எல்லார் ரகசியத்தையும் கேட்டுக்கொண்டு வாய் திறக்காத ஆள் என்பதால் அவருக்கு அங்கே 'ஃபாதர்' என்று பெயர். பாவ அறிக்கை கேட்கும் கூண்டில் உட்கார்ந்திருக்கும் சாமியாரைப் போல என்று யாரோ ஒரு பையன் வைத்த கேலிப்பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கும் அது உள்ளூரப் பிடித்திருந்தது.

இப்போது நடந்துகொண்டிருப்பது குறைமாதக் குழந்தைகளுக்கான ஆராய்ச்சி. குடலில் நல்ல கிருமிகள் வளர்வதற்கு ஒரு சொட்டு மருந்து. சில குழந்தைகளுக்கு வயிறு வீங்கி, குடல் கெட்டு, உயிரையே கொண்டுபோய்விடும் நோய் ஒன்று உண்டு. அதைத் தடுக்கும் என்று நம்பினார்கள். அந்தக் கிருமிகளே இரத்தத்தில் கலந்து கெடுதல் செய்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. போன மாதம் அட்டவணையைத் தயாரித்தபோது இரண்டு பத்திகளில் ஒன்று கனத்திருப்பதை அவர் பார்த்தார். ஒரு பக்கத்தில் கூடுதலான குழந்தைகள் நோய்ப்பட்டிருந்தார்கள், கூடுதலானவர்கள் இறந்திருந்தார்கள். எந்தப் பக்கம் என்பதை இந்தக் கதையும் சொல்லப்போவதில்லை. குழுவினர் நெடுநேரம் யோசித்து, இது தற்செயலாகவும் இருக்கலாம், தொடருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான் என்று செபாஸ்டியனுக்கும் தெரியும். முன்பு ஒரு ஆராய்ச்சியில் இப்படித்தான் பாதி வழியில் ஒரு பத்தி சாய்ந்தது. அவர் வெளியே சொல்ல முடியாமல் வாரக்கணக்கில் நெஞ்சு வலித்துத் திரிந்தார். முடிவில் பார்த்தால் தராசு அப்படியே மறுபக்கம் திரும்பியிருந்தது. ஆகவே அவருக்குத் தெரிந்தது ஒரு விஷயம். ஆனால் அது உண்மைதானா என்பது அவருக்கும் தெரியாது. அப்படியொரு பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு நடமாடுவது, சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடித்துக்கொண்டு நிற்பதைப் போல.

கிள்ளான் மருத்துவமனையில் முழங்கைவரை கை கழுவச் சொன்னார்கள். மேலங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். தாத்தா பாட்டிக்கு ஐந்து நிமிடம்தான் என்றார்கள். மருமகன் யுகேந்திரன் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே அவரை அழைத்துப் போனான். துறைமுகத்தில் கண்டெய்னர்களைத் தூக்கி வைக்கும் கிரேனை ஓட்டுகிறவன் அவன். அந்தப் பெரிய உடம்பை எங்கேயும் பட்டுவிடாமல் ஒடுக்கிக்கொண்டு நடந்தான்.

"இதான் மாமா."

செபாஸ்டியன் குனிந்தார். முதலில் அவர் கண்ணில் பட்டது குழந்தையல்ல, பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டு. பழக்கதோஷம். எடை 980. மூன்று இலக்கம். இப்படிப்பட்ட எண்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவர் அவர். ஒன்றின்கீழ் ஒன்றாக வரிசை பிடித்து, வலப்பக்கம் ஒழுங்காக நிற்கும் எண்கள். பிறகு சீட்டிலிருந்து கண்ணைத் தாழ்த்தினார்.

ஒரு கிலோ சீனிப் பொட்டலம். அதிலும் இரண்டு கரண்டி குறைவு. அதற்குள் எல்லாமே இருந்தன. வெங்காயத்தின் உள்தோல் போன்ற தோல். அதன் கீழே நீல நூலாக ஓடும் இரத்தம். நகங்கள்கூட இருந்தன, எறும்பின் தலையளவில். அவருடைய கல்யாண மோதிரத்தை அந்தக் கைவழியாகப் போட்டால் தோள்வரை ஏறிவிடும். மார்பு ஏறி இறங்கியது, நின்றது, மறுபடி ஏறியது. யாரும் கற்றுக்கொடுக்காத ஒரு வேலையை அந்த உயிர் முழுமூச்சாகச் செய்துகொண்டிருந்தது. இருபது வருடங்களாக நான் எண்ணிக்கொண்டிருந்தது இவர்களையா என்று அவருக்குத் தோன்றியது. கோவிலில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் எப்படி நிற்பாரோ அப்படி, அவரை அறியாமலே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வெளியே நடைவழியில் பெர்னிஸ் சக்கர நாற்காலியில் இருந்தாள். உர்சுலா பக்கத்தில் நின்று அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் பிளாஸ்க்கோடு இன்னொரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். தங்கமணி என்று பெயர். கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அவளுடைய பெண் குழந்தை மூன்று வாரமாக உள்ளே இருக்கிறது. "தடவாதீங்க அக்கா, பயந்துக்கும். சும்மா உள்ளங்கைய இப்படிக் கவுத்து, கூடு மாதிரி வெச்சிருங்க. அதுக்கே அடங்கிடும்" என்று பெர்னிஸுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பெர்னிஸ் காற்றில் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

அப்போதுதான் மாதவி வந்தாள். ஆராய்ச்சிக்கான தாதி. நின்றுகொண்டு பேசாமல், சக்கர நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பெர்னிஸின் கண்ணுக்கு நேராகப் பேசினாள். சொட்டு மருந்தைப் பற்றிச் சொன்னாள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் சொட்டு, யாருக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாது என்றாள். "வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்கா. எப்பவும் போலத்தான் பார்த்துக்குவோம். நாளைக்குச் சொன்னாலும் போதும்."

பெர்னிஸ் தாளைப் புரட்டினாள். அடியில் இருந்த பெயரைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"டாடி, இது உங்க கம்பெனிதானே?"

செபாஸ்டியன் தாளின் அடியில் இருந்த பெயரைப் பார்த்தார்.

"ஆமாம்மா."

"அப்ப நீங்களே சொல்லுங்க. போடவா, வேணாமா?"

"நான் அதப்பத்திப் பேசக்கூடாதும்மா."

"பேசக்கூடாதா?" என்றாள் உர்சுலா. "பெத்த பொண்ணுகிட்டயா?"

யுகேந்திரன் குரலைத் தாழ்த்தி, "மாமா, ஒண்ணும் பேச வேணாம். தலைய ஆட்டுங்க, போதும்" என்றான்.

செபாஸ்டியன் தலையை அசையாமல் வைத்திருந்ததில் கழுத்து வலித்தது. ஒரு தலையசைப்பு. யாருக்கும் தெரியாது. ஆனால் எந்தத் திசையில்? கனத்திருந்த அந்தப் பத்தியை நம்பி ஆட்டினால், நாளை தராசு திரும்பாது என்று யார் சொன்னது? அது ஒருபுறம். பெஞ்சில் இருந்த தங்கமணி பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தலையாட்ட அந்தத் தனி அறையில் அப்பா இருந்தாரா? தனக்குத் தெரியாதது மற்றத் தாய்களுக்கும் தெரியாது என்ற ஒன்றை நம்பித்தான் அவள் கையெழுத்துப் போட்டிருப்பாள். "ஒரு போன் பண்ணிட்டு வரேன்" என்று எழுந்து மாடிப்படிப் பக்கம் போனார். பின்னால் உர்சுலா, "இவரு ஒரு ஆளு" என்று சொல்வது கேட்டது.

மேலாளர் நோராவிடம் விஷயத்தைச் சொன்னார். என் பேரனை ஆராய்ச்சிக்குக் கேட்டிருக்கிறார்கள், ரகசியக் கோப்புகளைத் திறக்கும் என் சாவியை எடுத்துவிடுங்கள் என்றார். நோரா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், ஏதாவது சொன்னீர்களா என்று. இல்லை என்றார். மறுமுனையில் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மலாயும் ஆங்கிலமும் கலந்த தன் பேச்சில், ரகசியக் கோப்புகள் எதையும் இனி உங்களால் திறக்க முடியாது, வேறு ஆளைப் போட்டுவிட்டேன், உங்களுக்குப் பெரிய கஷ்டம்தான், போய்த் தாத்தாவாக இருங்கள் என்றார். கணினியின் சாவி போய்விட்டது. மனத்தில் இருந்த பத்தியை எடுக்க மட்டும் நோராவிடம் பொத்தான் இல்லை.

அவர் திரும்பி வந்தபோது பெர்னிஸ் தங்கமணியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க போட்டீங்களா?"

"போட்டேன்கா."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருந்துச்சு." தங்கமணி யோசித்தாள். "இந்த மாதவி மிஸ்ஸி எனக்கு மைலோ வாங்கிக் கொடுத்து, பக்கத்துல உக்காந்து, உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டாங்க. இதுவரைக்கும் நம்மகிட்ட யாருக்கா சம்மதம் கேட்டிருக்கா? படிப்ப நிறுத்தினப்ப கேக்கல, கல்யாணத்துக்குக்கூட பாதிதான் கேட்டாங்க." சிரித்தாள். "கேட்டாங்களே, அதுக்காகப் போட்டேன்."

செபாஸ்டியன் தங்கமணியைப் பார்த்தார். இவளும் அவருடைய அட்டவணையில் ஒரு வரி. மூன்று வாரங்களுக்கு முன் ஏதோ ஒரு நாளில் அவள் 'ஆம்' என்று வந்து சேர்ந்திருப்பாள். தேநீர் குடித்துக்கொண்டே அவர் அதைக் கடந்து போயிருப்பார். அந்த ஒரு 'ஆம்'க்குப் பின்னால் இவ்வளவு இருந்திருக்கிறது. அப்படியானால் மற்ற வரிகளுக்குப் பின்னால்?

பெர்னிஸ் அவரைப் பார்த்தாள். சின்ன வயதில் பள்ளி மதிப்பெண் அட்டையை நீட்டிவிட்டுப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"டாடி, எனக்குக் கெட்டதுன்னு தெரிஞ்சா நீங்க சும்மா இருக்கமாட்டீங்க. சும்மா இருக்கீங்கன்னா, அது நல்லதா கெட்டதான்னு இன்னும் யாருக்குமே தெரியல. அப்படித்தானே?"

உண்மைக்கு எத்தனை நெருக்கத்தில் வந்துவிட்டாள் என்று நினைத்தார். அவள் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் அவருடைய மௌனத்தின்மீது நின்றுகொண்டு அவள் கையெழுத்துப் போடுவதை அவரால் தாங்க முடியவில்லை. மாதவியைப் போலவே அவள் கண்ணுக்கு நேராகக் குந்தினார்.

"என் மூஞ்சியப் பார்த்துப் போடாதம்மா. என் மூஞ்சியப் பார்த்து வேணாம்னும் சொல்லாத. உள்ள போயி அவனைப் பாரு. அப்புறம் நீயும் யுகேனும் பேசிக்குங்க. எதுன்னாலும் டாடி உன் பக்கம்தான்."

பெர்னிஸ் தன்னை உள்ளே அழைத்துப் போகச் சொன்னாள். யுகேந்திரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனான். வெகுநேரம் கழித்து வந்தார்கள். இருவர் கண்களும் சிவந்திருந்தன.

"அவன்கிட்டயே கேட்டேன்" என்றாள். "தூங்கிட்டான்." பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

மாதவி கையகலக் கணினியைத் திறந்து விவரங்களைத் தட்டினாள். தான் செய்த திரையை மறுபக்கத்திலிருந்து செபாஸ்டியன் பார்ப்பது இதுவே முதல் தடவை. எடை என்ற இடத்தில் அவள் 980 என்று போட்டாள். சிவப்பில் ஒரு கட்டம் குதித்து வந்தது. 'இந்த எடை சாத்தியம்தானா? உறுதி செய்யவும்.'

"இது ஒரு சூசா அங்கிள், பெரிய தொல்லை" என்று மாதவி அலுத்துக்கொண்டாள். "ஒரு கிலோவுக்குக் கம்மியா இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படிக் கேக்கும். எந்த மடையன் எழுதினானோ. ஒரு தடவ இங்க வந்து பார்த்திருந்தா எழுதியிருக்கமாட்டான்."

"நான்தாம்மா எழுதினேன்."

மாதவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெர்னிஸ் சிரித்துவிட்டாள். தையல் வலித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ டாடி" என்று மறுபடியும் சிரித்தாள். உர்சுலாவுக்குக்கூட முகம் இளகியது.

மூன்று இலக்க எடை என்றால் யாரோ விரல் தவறி ஓர் எண்ணை விட்டுவிட்டார்கள் என்றுதான், இந்த வேலைக்கு வந்த புதிதில் அந்த வரியை எழுதிய நாளில் அவர் நினைத்தார். ஆபீஸ் மேசையிலிருந்து பார்க்கும்போது அது பிழையாகத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும், ஏதோ ஒரு வார்டில், ஏதோ ஒரு தாதி, சாத்தியம்தான், சாத்தியம்தான் என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். மாதவி 'ஆம்' என்பதைத் தொட்டாள். திரையில் ஒரு வட்டம் சுழன்றது. சுபாங் ஜெயாவில் அவருடைய பூட்டிய அறைக்குப் பக்கத்தில் இருக்கும் இயந்திரம், அவர் எழுதிய அதே நிரலைக் கொண்டு, அவரைக் கேட்காமல், அவருக்குச் சொல்லாமல் குலுக்கியது. பாட்டில் எண் வந்தது. மாதவி எழுந்து போய்விட்டாள்.

இரண்டாவது வாரத்தில் குழந்தையின் வயிறு வீங்கியது.

பால் கொடுப்பதை நிறுத்தினார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா, அந்த நோய்தானா என்று இன்னும் சொல்ல முடியாது, பார்க்கலாம் என்றார். பெர்னிஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உர்சுலா ஜெபமாலையை விடவில்லை. கீழே கேன்டீனில் யுகேந்திரன் மாமனாருக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"மாமா, அந்த பாட்டில்ல என்ன இருக்கு?"

"எனக்குத் தெரியாதுப்பா. பார்க்க முடியாதபடி அன்னைக்கே அடைக்கச் சொல்லிட்டேன்."

"நீங்களா அடைக்கச் சொன்னீங்க?"

"டாக்டருக்குத் தேவைன்னா திறந்து பார்க்க வழி இருக்கு யுகேன். அவங்களக் கேட்டேன். எது இருந்தாலும் வைத்தியம் ஒண்ணுதான்னுட்டாங்க."

"பேரன் மாமா அவன்." யுகேந்திரனின் குரல் உயரவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "உங்களுக்கு அவனும் ஒரு நம்பர்தான்." நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டான்.

செபாஸ்டியன் அங்கேயே இருந்தார். கனத்த அந்தப் பத்தி கண்முன்னே வந்து நின்றது. ஆண்டவரே, அதை அழித்துவிடும் என்று கேட்டார். அது அழியவில்லை. அன்றைக்குத் தலையாட்டியிருந்தால் இன்று எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட மனம் ஓடியது. அதை இழுத்து இழுத்துப் பிடித்தார். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேசையில் ஏதோ வைக்கப்பட்ட சத்தத்தில் நிமிர்ந்தார். பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரே, நுரைக்க ஆற்றிய பால் தேநீர். யுகேந்திரன்தான். வெளியே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைவரை நடந்து போய் வாங்கி வந்திருந்தான்.

"சீனி கம்மியாப் போடச் சொன்னேன்" என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். "உங்களுக்கு சுகர் இருக்குல்ல."

பையின் முடிச்சு சூடாக இருந்தது. செபாஸ்டியனுக்கு அதைப் பிரிக்க வரவில்லை. யுகேந்திரனே பிரித்து, ஸ்ட்ராவைச் சொருகிக் கொடுத்தான்.

"பெர்னிஸும் முன்னாடியே பொறந்தவதான், தெரியுமா?" என்றார் செபாஸ்டியன். "எட்டாவது மாசம். அத்தைக்கு வலி வந்ததும் ஊசி போட்டாங்க. பிள்ளையோட நுரையீரல் பழுக்கறதுக்குன்னு சொன்னாங்க. நான் அப்ப பேங்க்ல புரோகிராம் எழுதிக்கிட்டிருந்தேன், ஒண்ணும் புரியல. பொறந்ததும் அழுதா. அது போதும்னு இருந்துச்சு. இந்த வேலைக்கு வந்து எத்தனையோ வருஷம் கழிச்சு, வேற ஒரு ஆராய்ச்சியோட முன்னுரையப் படிக்கிறேன், அந்த ஊசியப் பத்தி இருக்கு. அதையும் இப்படித்தான் சோதிச்சிருக்காங்க. பாதி அம்மாங்களுக்கு மருந்து, பாதிப் பேருக்கு இல்ல."

தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார்.

"அவங்க யாருன்னு யாருக்கும் தெரியாது. எங்கயோ தூர தேசம். வலி எடுத்துப் படுத்திருக்கறப்ப ஒருத்தர் வந்து கேட்டிருக்காங்க, சரின்னு சொல்லியிருக்காங்க. மருந்து கிடைக்காத பக்கத்துல இருந்தவங்களும் சரின்னுதான் சொன்னாங்க. அவங்க சொல்லலைன்னா என் பொண்ணுக்கு அந்த ஊசி இல்ல. ஞாயித்துக்கிழமை பூசையில, நமக்கு நல்லது செஞ்சவங்களுக்காக வேண்டிக்கச் சொல்லுவாங்க. நான் பேரு தெரியாததால, 'அந்த அம்மாங்க'ன்னு மட்டும் சொல்லுவேன். இது அத்தைக்குக்கூடத் தெரியாது. பெர்னிஸ்கிட்ட அன்னைக்கே சொல்லியிருப்பேன். சொன்னா அவ கையப் புடிச்சு நானே கையெழுத்து வாங்கின மாதிரி ஆயிடும்."

யுகேந்திரன் காலிப் பையை மடித்தான், இன்னும் சின்னதாக மடித்தான்.

"அப்போ இப்ப பெர்னிஸும் அந்த அம்மாங்கள்ல ஒருத்தி."

செபாஸ்டியன் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவருக்கு அது அதுவரை தோன்றியிருக்கவில்லை.

வயிற்று வீக்கம் வடிந்தது. மருந்தாலா, வெறும் சொட்டையும் மீறியா, தாதிகளின் கண் மூடாத காவலாலா, உர்சுலாவின் மணிகளாலா, யார் சொல்ல முடியும். மறுபடியும் சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்தார்கள். தங்கமணியின் பெண் முதலில் வீட்டுக்குப் போனாள். போகும்போது தங்கமணி தன் பிளாஸ்க்கை பெர்னிஸிடம் விட்டுவிட்டுப் போனாள். அதன் பிறகு சில வாரங்களில் இவனும் வந்தான். ஜீவன் என்று பெயர் வைத்தார்கள்.

மருத்துவமனையில் ஓடித் திரிந்த நாட்களை உர்சுலா கணக்கிலேயே சேர்க்கவில்லை. பிள்ளை பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்துதான் மகளுக்குப் பத்தியம் தொடங்கியது. பூண்டும் மஞ்சளும் அடுக்குமாடியின் கீழ்த்தளம்வரை மணத்தன. முப்பது நாளும் முடியாமல் வாசற்படி தாண்டக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டாள். கிள்ளானுக்கு வந்து எடை பார்க்க வேண்டுமே என்று பெர்னிஸ் போனில் தயங்கியபோது, "உங்கம்மாகிட்ட யாருக்கா சண்டை போடறது, நானே வரேன்" என்று மாதவி தன் லீவு நாளில் ரயிலேறி வந்துவிட்டாள். எடைக்கருவியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்ததில், பக்கத்து இருக்கை மலாய்க்காரப் பாட்டி அதைப் பிள்ளை என்று நினைத்து, கூட்டம் இடித்துவிடாமல் கையால் அணை கொடுத்துக்கொண்டே வந்தாராம். உர்சுலா அவளுக்குப் பத்தியச் சாப்பாட்டையே போட்டாள்.

"இப்பெல்லாம் அந்தச் சிவப்புக் கட்டம் வர்றதில்ல அங்கிள்" என்றாள் மாதவி, கருவியைத் தரையில் சமமாக வைத்துக்கொண்டே. "யாரோ மாத்திட்டாங்க."

செபாஸ்டியன் தலையை ஆட்டினார். இப்போது அவருக்குத் தனி அறை இல்லை. மற்றவர்களோடு உட்கார்ந்து திரைகளைச் செய்கிறார். சாப்பாட்டு மேசையில் யாரும் பேச்சை மாற்றுவதில்லை. ஆராய்ச்சி முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேலாகும். முடிவு வரும்போது எல்லாரோடும் சேர்ந்து அவரும் தெரிந்துகொள்வார். அந்தப் பழைய பத்தி இன்னும் மனத்தில் இருந்தது. சில நாட்களில் கனத்தது, சில நாட்களில் மறந்திருந்தது.

பெர்னிஸ் துணியை விலக்கி ஜீவனைத் தட்டில் கிடத்தினாள். குளிர்ந்ததும் அவன் முகத்தைச் சுருக்கிக்கொண்டு கால்களை உதைத்தான். எண்கள் மேலும் கீழும் தாவின. யுகேந்திரன் குனிந்து எண்ணைப் பார்த்தான், உர்சுலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"அங்கிள், நீங்க பார்க்கலையா?"

"நீங்க பாருங்கம்மா."

அவர் மறுபக்கமாகப் போய், முட்டி போட்டு, தரையில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். ஜீவனின் குதிகாலில் இரத்தம் எடுக்க ஊசி குத்திய தழும்புகள் பொட்டுப் பொட்டாக இருந்தன. உள்ளங்கையைக் கவிழ்த்து, தொடாமல், அந்தப் பாதங்களுக்கு மேலே கூடு மாதிரி வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே கிள்ளான் ரயில் போனது, கண்ணாடி அதிர்ந்தது. எண் நிலைக்கட்டும் என்று மாதவி காத்திருந்தாள்.